பெட்டிக்குள் பூட்டிய கித்தார் பூசணத்துக்குத்தான்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டுக்குப் போனால் என் கண் முதலில் அலமாரிக்கு மேலேதான் போகும். அங்கே நீளமாக ஒரு கருப்புப் பெட்டி தூசி படிந்து கிடந்தால், அந்த வீட்டில் யாரோ ஒரு காலத்தில் இசைக்குழுவில் வாசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கல்யாணம், தீமிதி, தீபாவளி கலைநிகழ்ச்சி என்று தோட்டத்துப் பிள்ளைகள் குழு சேர்த்து வாசித்த காலம் அது. பினாங்கிலிருந்து டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்கள் ஆலிகேட்ஸ் குழுவில் மலாய்ப் பாட்டுப் பாடி நாடு முழுக்கப் பேர் வாங்கியபோது, நம்ம பையன்களாலும் முடியும் என்று லயத்துக்கு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) கித்தார் வாங்கினார்கள். பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. லயங்களை உடைத்தார்கள், சனங்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபோனார்கள். டிரம்ஸ் செட்டை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள், கீபோர்டு பழுதானதும் குப்பைக்குப் போனது. கித்தாரை மட்டும் தூக்கிப் போட யாருக்கும் மனசு வரவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியில் பூட்டி மேலே ஏற்றிவிட்டார்கள்.

நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் அந்தப் பத்திரம்தான் கித்தாரைக் கெடுக்கிறது. இதை நான் நிச்சயமாகச் சொல்வதற்குக் காரணம், அப்படிக் கிடந்த ஒன்றை வாங்கி, கழற்றி, துடைத்து, மறுபடி மேடைக்கு ஏற்றியிருக்கிறேன். எபிஃபோன் டாட், செமி-ஹாலோ, அதாவது பாதி கூடான, எலக்ட்ரிக் கித்தார்.

அது கித்தார் மாமாவுடையது. ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். விடியலில் பால்மரம் வெட்டப் போவார், சாயங்காலம் குளித்துவிட்டு வீட்டு முன்நடையான ஐந்தடியில் உட்கார்ந்து வாசிப்பார். ரொம்ப நாள் அவர் கையில் இருந்தது முழுக்கக் கூடாக உள்ள ஒரு பழைய கித்தார். வீட்டில் அது தேன் மாதிரி பேசும். திருவிழா மேடையில் ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் நின்றால் ஊளையிட ஆரம்பித்துவிடும். கூட்டுக்குள் துணியை அடைத்துப் பார்த்தார், மேல்பலகையில் f வடிவில் வெட்டிய எஃப்-துளைக்கு மேல் டேப் ஒட்டிப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போய் இந்த எபிஃபோனை வாங்கி வந்தார். "நடுவுல கட்டை இருக்குடா, இனிமே கத்தாது" என்று எங்களையெல்லாம் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினார். ஓரத்தில் தட்டினால் டொம்மென்றும், நடுவில் தட்டினால் டக்கென்றும் கேட்டது.

அந்தக் கட்டைதான் செமி-ஹாலோவின் சூட்சுமம். கூடான கித்தாரின் மேல்பலகை மெல்லியது. ஒலிபெருக்கியின் சத்தம் பட்டு அது அதிரும், அந்த அதிர்வு கம்பிக்கு ஏறும், கம்பிக்கு அடியில் உள்ள காந்தச் சுருளான பிக்கப் அதைப் பிடித்து மறுபடி ஒலிபெருக்கிக்கே அனுப்பும். அந்தச் சுற்று நிற்காமல் ஏறிக்கொண்டே போவதுதான் ஊளை. 1940 வாக்கிலேயே கித்தார் கலைஞர் லெஸ் பால் ஒரு கனத்த மரக்கட்டையில் கம்பியும் பிக்கப்பும் பூட்டி, பார்வைக்கு இரண்டு பக்கமும் கித்தார் உடலின் பாதிகளைச் சேர்த்து வாசித்தவர். 1958-இல், டெட் மெக்கார்ட்டி தலைமையில் இருந்த கிப்சன் நிறுவனம் இ.எஸ்-335 கித்தாரைக் கொண்டுவந்தது. ஒட்டுப்பலகையில் செய்த மெல்லிய உடல், சுமார் 4 சென்டிமீட்டர் கனம்தான். கழுத்திலிருந்து வால்வரை நடுவில் கெட்டியான மேப்பிள் கட்டை. இரண்டு சிறகும் கூடு. பிக்கப், கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் எல்லாம் கட்டைமேல் உட்கார்ந்திருக்கும், அதனால் ஊளை அடங்கும். சிறகுகள் கூடாக இருப்பதால் குரலில் காற்றும் இருக்கும். எபிஃபோன் 1957 முதல் கிப்சன் குடும்பத்தோடு சேர்ந்த பெயர். அதே அமைப்பைச் சாதாரண மனிதர் வாங்கும் விலையில் தருகிற மாடல்தான் டாட். மாமா வாங்கியதன் வரிசை எண் எஸ் என்று தொடங்கி 99 என்று போகிறது. கொரியாவில் சமிக் ஆலையில் 1999-இல் செய்தது.

மாமா தவறிப்போன பிறகு பெட்டி மூடியது மூடியதுதான். அத்தைதான் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"முந்நூறு வெள்ளி கொடுத்துட்டு எடுத்துக்கப்பா. பேரப்பிள்ளைங்க யாரும் தொடுறதில்ல. இங்க கெடந்து யாருக்கு என்ன?"

பெட்டியைத் திறந்ததுமே பூசண வாடை மூக்கில் ஏறியது. கம்பிகள் துருப்பிடித்து, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான ஃப்ரெட்டுகள் பச்சை பூத்து, பிக்கப் மூடிகளில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. அப்படியிருந்தும் முந்நூறு மட்டும் கொடுக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. கழுத்து கோணவில்லை, தலை உடைந்து ஒட்டப்படவில்லை, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் கைவேலைதான். "அத்தை, இந்த நெலமையிலயும் இதுக்கு எழுநூறுக்கு மேல பெறும்" என்று சொல்லி எழுநூற்றைம்பது ரிங்கிட் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "அவரு இருந்தா உங்கிட்ட காசே வாங்கியிருக்க மாட்டாரு" என்றார்.

யாராவது இப்படி ஒரு பழைய செமி-ஹாலோ வாங்கப் போனால், கைப்பேசியின் கேமராவையும் விளக்கையும் எஃப்-துளையில் வைத்து உள்ளே படம் எடுத்துப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பலகை விரிந்திருக்கும். இதில் உள்பக்கம் பூசணம் வெள்ளைப் பொடியாகப் படர்ந்திருந்தது, ஆனால் ஒட்டுகள் எல்லாம் பிடிப்பாகவே இருந்தன. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சர்வசாதாரணமாகத் தொடும். கித்தார் மரத்துக்கு 45 முதல் 55 வரை இருந்தால் சுகம். காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள், பஞ்சுப் படுக்கையோடு, வியர்வை உப்பும் சேர்ந்துவிட்டால் பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? பெட்டியை வெயிலில் காயப் போட்டேன். கித்தாரை மட்டும் வெயிலில் காட்டவே கூடாது. திடீரென்று காய்ந்தால் பலகை விரியும், ஓரப்பட்டை கழலும். மின்விசிறி ஓடுகிற அறையில், கம்பியைக் கழற்றி, எஃப்-துளைக்குள் சிலிக்கா ஜெல் பைகளைத் தொங்கவிட்டு, ஈரமானியின் முள் இறங்கும்வரை பொறுமையாக விட்டுவைத்தேன். பிறகு முகமூடி போட்டுக்கொண்டு, வேக்குவம் குழாயின் முனையில் மெல்லிய டியூப் செருகி உள்ளே இருந்த பொடியை இழுத்தேன். வளைந்த கம்பியில் துணி சுற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, எட்டிய இடமெல்லாம் துடைத்தேன்.

அடுத்தது வயரிங். நான் செம்பனை ஆலையில் மின்சாரத்தைக் கவனிக்கும் சார்ஜ்மேன். இந்தக் கித்தாரில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலையும் இதுதான், பலரும் பயப்படுகிற வேலையும் இதுதான். கெட்டி உடல் கித்தாராக இருந்தால் பின்னால் ஒரு மூடி இருக்கும், திருகைக் கழற்றினால் எல்லாம் கண்முன்னே. இதற்குப் பின்னால் மூடி கிடையாது. இரண்டு வால்யூம், இரண்டு டோன், ஒரு சுவிட்ச், ஒரு ஜேக், எல்லாவற்றையும் எஃப்-துளை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும், அதே வழியாகத்தான் உள்ளே விட வேண்டும்.

மோட்டார் பட்டறையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பெட்ரோல் டியூப் இதற்கு அருமையான கருவி. குமிழைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, குமிழுக்கு அடியில் இருக்கும் மாறுமின்தடையின், அதாவது 'பாட்'டின், தண்டில் ஒரு முழ நீள டியூபைச் செருகிவிட வேண்டும். தண்டு 6 மில்லிமீட்டர், டியூப் கொஞ்சம் விரிந்து கவ்விக்கொள்ளும். பிறகு பாட்டை உள்ளே தள்ளினால் அது கூட்டுக்குள் இறங்கும், டியூபின் மறுமுனை வெளியே உங்கள் கையில் இருக்கும். எஃப்-துளை வழியாகப் பாட்டை மெதுவாக வெளியே இழுத்து, டியூபைக் கழற்றி, அதை மட்டும் பாட் இருந்த துளையிலேயே விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு டியூபிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுத வேண்டும். திரும்ப மாட்டும்போது அந்தந்த டியூபை அந்தந்தத் தண்டில் செருகி இழுத்தால், பாட் தன் துளைக்குத் தானே வந்து தலையை நீட்டும். சுவிட்சின் முனையில் தங்கூசி நூல் கட்டி இழுப்பேன். ஜேக்குக்கு டியூப் தேவையில்லை, பழைய கேபிளின் பிளக்கை ஆறங்குலம் விட்டு வெட்டி அதில் செருகி இழுத்தால் போதும். எஃப்-துளையின் விளிம்பில் டேப் ஒட்டிக்கொள்வது முக்கியம், இல்லாவிட்டால் வண்ணப்பூச்சில் கோடு விழும்.

வெளியே வந்த பாட்டுகளை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். 500 கிலோ-ஓம் இருக்க வேண்டியவை. கழுத்துப் பிக்கப்பின் வால்யூம் பாதி சுற்றிலேயே செத்துவிட்டது, மற்ற மூன்றும் கரகரத்தன. காண்டாக்ட் கிளீனர் அடித்தால் மூன்றும் இன்னும் சில காலம் ஓடும்தான். ஆனால் ஒன்றுக்காக உடம்பைத் திறந்த பிறகு நான்கையும் மாற்றுவதுதான் முறை. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கொரியக் கித்தார்களின் துளை 8 மில்லிமீட்டர். அமெரிக்க அளவு பாட்டுகளுக்கு 9.5 மில்லிமீட்டர் வேண்டும். அதற்காக மேல்பலகையைத் துளைத்துப் பெரிதாக்கச் சொல்வார்கள். நான் செய்யவில்லை. மாமாவின் கித்தாரில் புதிதாகத் துளை போடும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தேன், தரமான மெட்ரிக் பாட்டுகளும் கிடைக்கின்றன. கெப்பாசிட்டர்கள் 0.022 மைக்ரோஃபாரட், அளந்ததில் சரியாக இருந்தன, அவற்றை அப்படியே விட்டேன். கெப்பாசிட்டர் எந்தப் பொருளில் செய்தது என்று மணிக்கணக்காகச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அளவு சரியாக இருந்தால் காதுக்கு அது போதும் என்பது என் கட்சி.

பிக்கப்புகள் இரண்டும் உயிரோடு இருந்தன. பிரிட்ஜ் பக்கத்தில் 8.3 கிலோ-ஓம் காட்டியது. செம்புக் கம்பியின் தடை வெப்பத்தோடு ஏறும், பத்து டிகிரிக்கு 4 விழுக்காடு அளவுக்கு. நம் வீட்டு 30 டிகிரியில் 8.3 என்றால் 20 டிகிரியில் 8 இருக்கும். அளவுப் பட்டியலோடு ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் மாட்டியதுதான் பெரிய விஷயம். கம்பிக்கும் ஜேக்கின் எர்த் பக்கத்துக்கும் நடுவே மீட்டரை வைத்தால், தொடர்பு இருந்தால் வர வேண்டிய கீச்சுச் சத்தமே இல்லை. வால்பகுதியின் தூணுக்குப் போகும் எர்த் ஒயர் அரித்து அறுந்துபோயிருந்தது. மாமாவின் கடைசிக் காலத்தில் கித்தார் இரைகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம். இந்தக் கித்தாரில் இருப்பது ஹம்பக்கர் பிக்கப், அதில் இரண்டு சுருள்கள். செத் லவர் 1955-இல் கிப்சனில் உருவாக்கியது. காந்தப்புலம் வழியாக வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை ஒன்று ஏந்த, மற்றது அதை எதிர்த்து அழித்துவிடும். ஆனால் வாசிப்பவரின் உடம்பே ஆன்டெனாவாக நின்று பிடித்துத் தரும் இரைச்சலை அந்த வித்தை அழிக்காது. கம்பி எர்த்தில் இருந்தால், கம்பியைத் தொட்ட கை வழியாக உடம்பும் எர்த்தோடு சேர்ந்து இரைச்சல் அடங்கும்.

தூணின் பித்தளைக் கூடு கட்டைக்குள் இறுகியிருக்கும், பிடுங்கினால் பூச்சு பெயரும். கூட்டுக்குள் ஒரு குட்டை இரும்புத் துண்டைப் போட்டு, தூணின் திருகை அதன்மேல் முறுக்கிக்கொண்டே போனால் கூடு மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தானே மேலே எழுந்து வரும். அடியில் புது ஒயரின் உரித்த முனையை மடித்து வைத்து, கூட்டை மறுபடி இறக்கினேன். மீட்டர் கீச்சிட்டது.

எர்த் பற்றிப் பேசும்போது மேடைக்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இது என் தொழில். மூன்று துளை சாக்கெட்டில் பேனா மூடியைக் குத்தி இரண்டு முள் பிளக்கைச் செருகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கோயில் திருவிழாவில் ஆம்பிளிஃபையர் ஒரு பக்கத்து மின்சாரத்தில், மைக் ஜெனரேட்டரில் என்று ஓடும். எர்த் இல்லாத ஆம்பிளிஃபையரில் செருகிய கித்தாரின் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால், இரண்டுக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் உங்கள் உடம்பு வழியாகத்தான் ஓடும். சுள்ளென்று அடிப்பதோடு போனால் உங்கள் அதிர்ஷ்டம், ஆளையே கொல்லவும் கூடும். பாட்டு தொடங்குவதற்கு முன் கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் நடுவே மீட்டரை வைத்து ஏ.சி. வோல்ட் பாருங்கள். எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே இணைப்பில் ஓட்டுங்கள், 30 மில்லிஆம்பியரில் அறுக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இல்லாமல் மேடை போடாதீர்கள்.

மரவேலையை விறுவிறுவென்று சொல்லிவிடுகிறேன். பிக்கப்புகளை டேப்பால் மூடிவிட்டு, மிக நுண்ணிய எஃகுக் கம்பளியால் ஃப்ரெட்டுகளைத் தேய்த்தேன். மூடாவிட்டால் இரும்புத் தூள் எல்லாம் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ரோஸ்வுட் பலகை சாம்பல் நிறத்தில் வறண்டிருந்தது, எலுமிச்சை எண்ணெய் கொஞ்சமாகத் தடவித் துடைத்ததும் காப்பி நிறம் திரும்பியது. தேங்காய் எண்ணெய் தடவலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், சிக்குப் பிடித்து நாறும். முதல் மூன்று ஃப்ரெட்டில் மாமாவின் விரல் பதித்த பள்ளங்கள் இருந்தன. மார்க்கர் பேனாவால் எல்லா ஃப்ரெட்டின் தலையிலும் கருப்புப் பூசி, நேரான அலுமினியப் பட்டையில் 400 உப்புத்தாள் ஒட்டி, கருப்பு சீராக அழியும்வரை தேய்த்து, பிறகு முக்கோண அரத்தால் மறுபடி உருண்டையாக்கினேன்.

கழுத்தின் தலைமாட்டில் கம்பி தங்கும் நட் விரிசல் விட்டிருந்தது. எலும்பில் செய்தால் ஓசை நன்றாக இருக்கும் என்று அத்தையிடம் சொன்னேன். "கோயில் மேடைக்குப் போறது, மாட்டெலும்பெல்லாம் வேணாம்பா" என்றார். 43 மில்லிமீட்டர் அகலத்தில் செயற்கை எலும்பு வாங்கி அறுத்துப் பொருத்தினேன். ஓசையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, அத்தைக்கும் நிம்மதி.

0.010 முதல் 0.046 அங்குலம் வரையுள்ள செட் கம்பி போட்டேன். ஆறு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ இழுக்கும், அந்த இழுப்பில் கழுத்து கொஞ்சம் முன்னால் வளைந்தது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி, ஏழாவது ஃப்ரெட்டில் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தினேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பி 2 மில்லிமீட்டர் உயரம், மெல்லியது ஒன்றரை.

தொடாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். உடலின் பின்னால் பெல்ட் பக்கிள் உரசிய கீறல்கள், கழுத்தில் பெருவிரல் ஓடி ஓடிப் பூச்சு மங்கிய இடம், தலைப்பகுதியின் பின்னால் ஒட்டியிருந்த சின்ன முருகன் படம். பூச்சைத் தேய்த்துப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். பழுதை நீக்க வேண்டும், வாசித்த தடத்தை நீக்கக் கூடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் பழைய கித்தாரில் கை வைக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

இப்போது அது என் வீட்டு முன்னறைச் சுவரில், பெட்டி இல்லாமல், மின்விசிறிக் காற்றுபடத் தொங்குகிறது. வெளிச்சுவரில் மாட்டவில்லை, மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் வாங்கும். குழுப் பையன்கள் நிகழ்ச்சிக்கு எடுத்துப் போகிறார்கள். பந்தல் மேடையில், இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் வால்யூமை முழுக்கத் திறந்தும் ஊளை வரவில்லை. திரும்பக் கொண்டுவந்ததும் கம்பியைத் துடைத்து மாட்ட வேண்டும், அது ஒன்றுதான் நான் கேட்கும் வாடகை. மழைக்காலம் வந்தால் கழுத்து கொஞ்சம் அசையும், அப்போது டிரஸ் ராடை மறுபடி பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டு அலமாரி மேலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால் இந்த வாரமே இறக்கித் திறந்து பாருங்கள். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, கித்தாரை வெளியே எடுத்து, பெட்டியை வெயிலில் வையுங்கள். எஃப்-துளையில் பூசண வாடை வந்தாலும் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் துடைத்துக் காப்பாற்றிவிடலாம். சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவரலாம். பெட்ரோல் டியூபும் ஈயக்கம்பியும் என்னிடம் நிறையவே இருக்கின்றன, கம்பி செட்டை மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள்.